ஹோஸ்ட்நேம் தேடலில் தொலையும் ஐந்து விநாடிகள்

அன்சிபிள், சால்ட், பப்பெட் மாதிரி ஏதாவது ஒரு கருவியை வச்சு பத்துப் பன்னிரண்டு சர்வர்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். சிபியூ சும்மா இருக்கு. மெமரி பாதி காலி. டிஸ்க் விளக்கு கண் சிமிட்டவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலையும் ஆரம்பிக்கும் முன் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும், பிறகு சட்டென்று முடியும். உடனே "சர்வர் பழசாயிடுச்சு, ரேம் போடலாம்" என்று ஒருவர் சொல்வார். பைசா செலவழிக்கும் முன் ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்து அந்தப் பெருமூச்சை அளந்து பாருங்க. 5, 10, 20 என்று ஐந்தின் மடங்கில் வந்தால், ரேம் போட்டு ஒன்றும் ஆகாது. யாரோ ஒரு பெயரைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஏன் ஐந்து? லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் பெயரை ஐபி முகவரியாக மாற்ற ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தைத்தான் கூப்பிடும். அது ரிசால்வ் கான்ஃப் என்ற ஃபைலைப் பார்த்து, அதில் எழுதியிருக்கிற டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். நாம் எதுவும் மாற்றி எழுதாவிட்டால் அதன் பொறுமை ஒரு கேள்விக்கு 5 விநாடி, முயற்சி 2 சுற்று. ஃபைலில் மூன்று சர்வர் வரை எழுதலாம். கணக்கு இப்படி வரும்: முதல் சர்வர் ஊமை, இரண்டாவது பதில் சொல்கிறது என்றால் 5 விநாடி. ஒரே ஒரு சர்வர், அதுவும் ஊமை என்றால் 10. இரண்டு சர்வரும் ஊமை என்றால் 20. இதற்கு மேல் "தேடல் பட்டியல்" என்று ஒன்று இருக்கு. சுருக்கமான பெயரைக் கொடுத்தால், முதலில் நம் டொமைன் பெயரை ஒட்டிக் கேட்கும்; "அப்படி ஒன்று இல்லை" என்று வந்தால் ஒட்டாமல் இன்னொரு தடவை கேட்கும். ஒவ்வொரு தடவையும் முதல் சர்வரிலிருந்தே ஆரம்பிக்கும் என்பதால், அந்த ஊமைக்கு இரண்டு தடவை ஐந்து விநாடி தட்சிணை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "இல்லை" என்ற பதிலுக்கு நேரமே ஆகாது. உலகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டால், வேலை செய்கிற டிஎன்எஸ் சர்வர் சில மில்லி விநாடியிலேயே இல்லை என்று சொல்லிவிடும். தூரமும் காரணம் இல்லை. டிஎன்எஸ்-இன் உச்சியில் இருக்கிற ரூட் சர்வர்களில் எஃப் ரூட்டின் நகல் ஒன்றை 2005-லேயே சென்னையில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நம்ம ஊர் சுமார் 300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப மூன்று நான்கு மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து விநாடி என்பது அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். எவ்வளவு மோசமான லைனும் இதை விளக்காது. பதிலே வராததுதான் விளக்கும். கடைமடைக்காரர்களுக்கு இது புதுசில்லை. தண்ணி மெதுவா வர்றது வேற, மேல எங்கேயோ மதகு மூடிக் கிடக்கிறது வேற. இரண்டுக்கும் வயல் காய்ந்துதான் கிடக்கும், ஆனால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் வேறு.

வேளாங்கண்ணியில் நான் பார்த்துக்கொடுக்கிற ஒரு அமைப்பை உதாரணமாக எடுத்துக்கிறேன். சில தங்கும் விடுதிகள், மொத்தம் 12 சின்ன லினக்ஸ் பெட்டிகள். அறை பதிவு, பில், வைஃபை நுழைவுப் பக்கம், கேமரா பதிவு எல்லாம் அதில்தான் ஓடும். ஒரு மடிக்கணினியிலிருந்து அன்சிபிள் வழியாக எல்லாவற்றையும் திருத்துவோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பெருவிழா. இந்தப் பதினோரு நாளில் லட்சக்கணக்கில் ஜனம் வரும். மொபைல் இணைப்பு திணறும், அறை ஒன்று கூட காலியாக இருக்காது, இரவு இரண்டு மணிக்கும் ரிசப்ஷனில் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் பதிவு நிரலில் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டுமென்றால் பதிமூன்று நிமிஷம் ஆச்சு. நிமிஷக்கணக்கைவிட இதன் பக்கவிளைவுதான் ஆபத்து. திரை அசையாமல் நின்றால் யாராக இருந்தாலும் கண்ட்ரோல்-சி அடிப்பார்கள். அடித்தால் ஐந்து பெட்டியில் புது அமைப்பு, ஏழு பெட்டியில் பழசு. ஒரு விடுதியில் காலி என்று காட்டுகிற அறை இன்னொரு விடுதியின் திரையில் போட்டதாகக் காட்டும். கைக்குழந்தையோடு நிற்கிற குடும்பத்துக்கு ரிசால்வ் கான்ஃப் பற்றியெல்லாம் விளக்க முடியாது.

காரணம் சாதாரணமானது. விடுதிகள் பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றியிருந்தன. பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி மட்டும் ஒவ்வொரு பெட்டியின் ஃபைலிலும் முதல் வரியாக அப்படியே இருந்தது. அந்த சர்வர் உயிரோடுதான் இருக்கு. ஆனால் தன் வாடிக்கையாளர் அல்லாதவர் கேட்டால் "மாட்டேன்" என்றுகூடச் சொல்லாது. கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடும். பாதுகாப்புக்காகப் பல நிறுவனங்கள் இப்படித்தான் வைக்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது வரியில் இருந்த பொது டிஎன்எஸ் சர்வர் ஒழுங்காகப் பதில் சொன்னது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. எதுவும் உடையவில்லை, எல்லாம் ஐந்து விநாடி தள்ளி நடந்தது. கூடவே ஒரு தேடல் டொமைனும் எழுதியிருந்ததால், சுருக்கப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி.

சரி, நாம் ஐபி முகவரியைத்தானே கொடுக்கிறோம், பெயரை யார் கேட்பது? சுவாரசியமான பகுதி இதுதான். ஆட்டோமேஷன் கருவியும் அதன் கூட்டாளிகளும் நாம் கேட்காத பெயர்களையெல்லாம் கேட்கும்.

முதலில் சூடோ. ரூட் உரிமை எடுக்கிற ஒவ்வொரு வேலையிலும் இது ஓடும். "இந்த விதி எந்தக் கணினிக்குப் பொருந்தும்" என்று பார்ப்பதற்காக, தான் ஓடுகிற கணினியின் முழுப்பெயரைத் தேடும் விருப்பம் ஒன்று இதில் உண்டு. டெபியன் வழி வந்த பல பதிப்புகளில் அது நிரலைக் கட்டும்போதே இயக்கப்பட்டிருந்தது. ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சூடோ ஒரு வரி புலம்பிவிட்டு, அப்புறம் வேலையைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரியை எச்சரிக்கைதானே என்று கடந்துபோய்விடுகிறோம். அந்த வரிக்கு முன்னால் எத்தனை விநாடி போனது என்று பார்க்கிறவர்கள் குறைவு.

அடுத்தது தகவல் சேகரிப்பு. அன்சிபிள் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் எதிர்முனையின் விவரங்களைச் சேகரிக்கும். அதில் கணினியின் முழுப்பெயரும் ஒன்று. பைதானின் கெட்-எஃப்க்யூடிஎன் என்ற செயல்பாட்டை அது கூப்பிடும். அந்தச் செயல்பாடு பெயரை முகவரியாக்கும், பிறகு அந்த முகவரியைத் திருப்பிப் பெயராக்கப் பார்க்கும். முதல் படியே தோற்றால் அங்கேயே நின்றுவிடும், ஆனால் அதற்குள் காத்திருப்பு முடிந்திருக்கும். "குறைவாகச் சேகரி" என்று அமைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இது குறைந்தபட்சப் பட்டியலிலேயே இருக்கு. சேகரிப்பை முழுக்க நிறுத்தினால்தான் போகும்.

மூன்றாவது எஸ்எஸ்எச். பழைய ஓப்பன் எஸ்எஸ்எச் சர்வர், உள்ளே வருகிறவரின் ஐபி முகவரிக்கு என்ன பெயர் என்று டிஎன்எஸ்-ஐக் கேட்டுச் சரிபார்க்கும். யூஸ்-டிஎன்எஸ் என்ற அந்த அமைப்பு 2015-இல் வந்த 6.8 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே அணைந்திருக்கு. நம்முடைய 192.168 என்று ஆரம்பிக்கும் உள் முகவரிக்கு வெளி உலகத்தில் பெயர் எப்படி இருக்கும்? இருந்தாலும் கேட்கும். உலகம் முழுக்க இப்படி வழிதவறி வெளியே வருகிற உள் முகவரிக் கேள்விகளுக்கு "இல்லை" என்று சொல்வதற்காகவே ஏஎஸ்112 என்ற பெயரில் தன்னார்வலர்கள் சர்வர்களை நடத்துகிறார்கள். இணையத்தில் எனக்குப் பிடித்த பொதுச்சேவைகளில் அது ஒன்று.

இப்போது கணக்கு. எங்கள் திருத்த ஓட்டத்தில் ரூட் உரிமை கேட்கும் வேலைகள் 20. தகவல் சேகரிப்பும் சூடோ வழியாகவே போவதால் 21. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி: 210. சேகரிப்புக்குள் முழுப்பெயர் தேட இன்னொரு 10. எஸ்எஸ்எச் நுழைவில் ஒரு 5. அன்சிபிள் திறந்த இணைப்பை 60 விநாடி அணையாமல் வைத்திருப்பதால் இது ஒரு தடவையோடு போச்சு. மொத்தம் 225. அன்சிபிள் நாம் மாற்றாதவரை ஒரே நேரத்தில் 5 கணினியைத்தான் தொடும். 12 பெட்டிக்கு மூன்று அலை. 225-ஐ 3-ஆல் பெருக்கினால் 675 விநாடி, அதாவது 11 நிமிஷம் 15 விநாடி. நிஜ வேலைக்கு ஒண்ணரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். சேர்த்தால் அந்தப் பதிமூன்று நிமிஷம் வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் 12 கணினி என்று மாற்றிவிடு என்று சிலர் சொல்வார்கள். செய்தால் நாலு நிமிஷமாகக் குறையும், நோய் அப்படியே இருக்கும்.

அந்த நோய் விழா நேரத்தில் வேறு முகம் காட்டியது. நடுநடுவே ஏதாவது ஒரு பெட்டி, உரிமை உயர்வுக்காக 12 விநாடி காத்திருந்தும் பதில் இல்லை என்று சொல்லித் தோற்கும். மறுபடி ஓட்டினால் அது தேறிவிடும், வேறொன்று தோற்கும். இதைப் பார்த்தால் கேபிள் சரியில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 12 எங்கிருந்து வருது என்று பாருங்க. அன்சிபிளின் காத்திருப்பு எல்லை 10, அதோடு 2 கூட்டி 12. நம் சூடோவுக்கு 10 விநாடி ஆகிறது. சாதாரண நாளில் இரண்டு விநாடி மிச்சத்தில் தப்பிக்கும். விழா நாளில் வெளி லைன் நிரம்பி, இரண்டாவது சர்வரின் பதிலும் தாமதமானால் எல்லையைத் தாண்டிவிடும். வருஷம் முழுக்க விளிம்பிலேயே நின்றது, கூட்டம் வந்தபோது விழுந்தது.

அன்சிபிள் என்ற பெயரே உர்சுலா லெ குவின் 1966-இல் ஒரு நாவலுக்காக உருவாக்கியது. நட்சத்திரங்களுக்கு இடையே நொடிகூடத் தாமதமில்லாமல் பேச உதவும் கற்பனைக் கருவி. மைக்கேல் டிஹான் 2012-இல் தன் மென்பொருளுக்கு அதை எடுத்துக்கொண்டார். நாகப்பட்டினம் ரோட்டில் இருக்கிற விடுதிக்குப் பேச அதற்கு பத்து விநாடி ஆச்சு என்று தெரிந்தால் அந்த அம்மா சிரித்திருப்பார்.

கண்டுபிடிக்கிற முறைக்கு வருவோம். முதலில் அன்சிபிளில் ப்ரொஃபைல் டாஸ்க்ஸ் என்ற கூடுதல் வசதியை இயக்குங்க. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று கடைசியில் பட்டியல் தரும். ஒரு ஃபைலைக் காப்பி பண்ணுவதற்கும் ஒரு சர்வீஸைத் திரும்ப ஆரம்பிப்பதற்கும் ஒரே நேரம் ஆகிறது என்றால் சந்தேகம் உறுதி. பிறகு எதிர்முனைக் கணினியிலேயே உட்கார்ந்து, டைம் கமாண்டை முன்னால் போட்டு, கெட்என்ட் வழியாக அந்தக் கணினியின் சொந்தப் பெயரைக் கேளுங்க. டிக் என்ற கருவியால் சோதிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். டிக், ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்க்காது, பெயரை எந்த வரிசையில் எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலையும் பார்க்காது. நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். நீங்க குறிப்பிட்டுச் சொல்கிற சர்வர் நன்றாக இருந்தால் டிக் மின்னலாகப் பதில் தரும், சூடோ அதே நொடியில் நின்றுகொண்டிருக்கும். கெட்என்ட் மற்ற நிரல்கள் போகிற பாதையிலேயே போகும். அதுவும் போதவில்லை என்றால் 53-ஆம் போர்ட்டில் டிசிபி-டம்ப் போட்டுவிட்டு, இன்னொரு திரையில் ஒரு சூடோ அடியுங்க. கேள்வி வெளியே போவதும், ஐந்து விநாடி ஒன்றும் வராததும், அடுத்த சர்வருக்குக் கேள்வி மாறுவதும் கண்ணெதிரே தெரியும். இந்த ஒரு நிமிஷச் சோதனை, ஒரு மாதப் பேச்சுவார்த்தையை மிச்சப்படுத்தும்.

சரிசெய்வது இரண்டு அடுக்கு. ஒன்று, ஒவ்வொரு பெட்டிக்கும் தன் பெயர் தனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி. டெபியன் நிறுவும்போதே 127.0.1.1 என்ற முகவரியில் இந்த வரியை எழுதிவைப்பது இதற்காகத்தான். ஒரே டிஸ்க்கைப் பிரதி எடுத்து 12 பெட்டி செய்து, பெயரை மட்டும் மாற்றினால் இந்த வரி பழைய பெயரிலேயே நின்றுவிடும். எங்கள் பெட்டிகளில் அப்படித்தான் இருந்தது. சிஸ்டம்-டி தருகிற மைஹோஸ்ட்நேம் என்ற துணையும் இதைச் செய்யும். ஆனால் என்எஸ்ஸ்விட்ச் வரிசையில் அது டிஎன்எஸ்-க்குப் பின்னால் இருந்தால் காத்திருப்பு முடிந்த பிறகுதான் வாய் திறக்கும்.

இரண்டு, இல்லை என்று சொல்ல உள்ளூரிலேயே ஓர் ஆள். விடுதியின் ரூட்டரில் டிஎன்எஸ்-மாஸ்க் மாதிரி ஒரு சின்ன நிரல் போதும். உள் பெயர்களை அதில் எழுதிவிடலாம். போகஸ்-ப்ரைவ் என்று ஒரு அமைப்பு இருக்கு: உள் முகவரிக்குப் பெயர் கேட்டு, தன் பட்டியலில் இல்லையென்றால், வெளியே கேட்காமல் அங்கேயே "இல்லை" என்று சொல்லிவிடும். அன்பவுண்ட் என்ற நிரல் இதை இயல்பாகவே செய்யும். இந்த ஒரு "இல்லை"தான் முழு வைத்தியத்திலும் முக்கியமான மருந்து. சொந்தப் பின்னொட்டு வைக்கும்போது லோக்கல் என்று முடிக்காதீர்கள். அது 2013-லிருந்து மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்-க்கு ஒதுக்கப்பட்டது, வேறு வகைக் காத்திருப்பைக் கொண்டுவரும். 2024-இல் ஐகேன் அமைப்பு இன்டர்னல் என்ற பின்னொட்டை உள் நெட்வொர்க்குகளுக்காகவே ஒதுக்கியிருக்கு. அதை எடுத்துக்கலாம்.

ரிசால்வ் கான்ஃபில் பொறுமையை 1 விநாடியாகக் குறைத்துவிட்டால் போதாதா? குறைக்கலாம். ஆனால் விழா நாளில் நல்ல சர்வரின் பதிலே ஒரு விநாடிக்கு மேல் ஆகும்போது அதையும் தூக்கி எறிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்னொன்று, பல கணினிகளில் அந்த ஃபைல் தானாக எழுதப்படுவது. கையால் திருத்தினால் அடுத்த தடவை ரூட்டர் கொடுக்கிற முகவரி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ரூட்டரில் மாற்றுவதே சரி.

சால்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அது கணினியில் இருக்கிற எல்லா ஐபி முகவரிகளையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடும். கண்டெய்னர்கள் ஓடுகிற கணினியில் ஏகப்பட்ட முகவரி இருக்கும், ஒன்றுக்கும் பெயர் இருக்காது. இப்போது ஒரே நேரத்தில் தேடுவதால் ஐந்து விநாடியோடு நிற்கிறது என்று அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எனேபிள்-எஃப்க்யூடிஎன்எஸ்-கிரெய்ன்ஸ் என்ற அமைப்பை அணைத்தால் தேடாது. பழைய லினக்ஸ் என்றால் டிஎன்எஸ்-ஐத் திருத்திய பிறகு சால்ட் மினியனைத் திரும்ப ஆரம்பிக்கணும். தொடர்ந்து ஓடுகிற நிரல்கள் மாறிய ரிசால்வ் கான்ஃபைத் தானாகக் கவனிப்பது 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26-லிருந்துதான்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எல்லாவற்றையும் எழுதுவது பழைய பாணி இல்லையா என்று கேட்கலாம். ரொம்பப் பழைய பாணி. ஆர்ப்பாநெட் காலத்தில் உலகத்தின் எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே ஃபைலில்தான் இருந்தன. எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அது தாங்காமல் போனதால்தான் 1983-இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைத்தார். 12 பெட்டிக்கு ஃபைல் தாங்கும். அதையும் கையால் எழுதாமல் அன்சிபிளே எழுதினால் முகவரி மாறும்போது பொய் சொல்லாது. வரிசை மட்டும் முக்கியம்: தகவல் சேகரிப்பை நிறுத்திவிட்டு, ஐபி முகவரியால் இணைத்து, இந்த ஒரு வேலையை முதலில் ஓட்டுங்க. அந்தப் பத்து விநாடியைக் கடைசித் தடவையாகக் கட்டிவிட்டு மற்ற வேலைகளுக்குப் போகலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் போட்டால் உள் நெட்வொர்க் எழுந்துவிடும், வெளி லைன் எழாது. அப்போது ரிசால்வ் கான்ஃபில் வெளியூர் முகவரிகள் மட்டும் இருந்தால் எல்லா சர்வரும் ஊமைதான். 10 விநாடி 20 ஆகும், 12 விநாடி எல்லையை ஒரு பெட்டியும் தாண்டாது. பக்கத்து அறையில் இருக்கிற கணினியைத் திருத்த வெளி இணையம் தேவையே இல்லை, ஆனாலும் திருத்த முடியாது. இந்தக் கடற்கரையில் இதைக் கற்பனை ஆபத்து என்று ஒதுக்க முடியாது.

அதனால் திருத்தங்களை முடித்ததும் வெளி இணைப்பின் கேபிளைப் பிடுங்கிவிட்டு முழு ஓட்டத்தையும் ஓட்டிப் பார்த்தோம். 12 பெட்டி, 1 நிமிஷம் 40 விநாடி. கேபிளைச் செருகி மறுபடி ஓட்டினோம், அதே நேரம். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் இன்னும் ஏதோ ஒரு நிரல் வெளியே போய்ப் பெயர் கேட்கிறது என்று அர்த்தம்; டிசிபி-டம்ப்பைத் திரும்பத் திறங்க.